தீவுத் தகராறு பேச்சுவார்த்தையை வீட்டுல இருந்தே பின்தொடர்றது எப்படி: சாகோஸையும் ட்ரோமெலினையும் வச்சு சொல்றேன்

மொரீஷியஸ்ல சனிக்கிழமை சனிக்கிழமை பிள்ளைங்களுக்கு தமிழ் சொல்லிக் குடுக்கறேன், பதினாலு வருஷம் ஆச்சு. 2025 மே மாசம், பிரிட்டன் கையில இருந்த சாகோஸ் தீவுகளைப் பத்தி பிரிட்டனும் மொரீஷியஸும் போட்ட ஒப்பந்தம் கையெழுத்தான வாரம் கிளாஸ்ல ஒரு பையன் எழுந்து நின்னு கேட்டான், "டீச்சர், தீவு நமக்குத் திரும்ப வந்துடுச்சா இல்லையா? அப்பா வந்துடுச்சுங்கறாரு, மாமா 99 வருஷம் குத்தகைக்கு விட்டுட்டாங்கங்கறாரு." ரெண்டு பேர் சொன்னதும் உண்மைதான். ஒரே காகிதத்துல ரெண்டும் இருக்கு. அதை அந்தப் பையனுக்குப் புரியவைக்க எனக்கு மூணு சனிக்கிழமை ஆச்சு, அந்த மூணு வாரத்துல நாங்க கண்டுபிடிச்ச முறையைத்தான் இங்க எழுதறேன். எந்த நாட்டு எல்லைத் தகராறுக்கும் இதை வச்சுக்கலாம், ஆனா நான் இங்க பக்கத்துல இருக்கறதை வச்சுதான் சொல்லப்போறேன்.

முதல் வேலை மேப். செய்தியை அப்புறம் படிக்கலாம். இந்து சமுத்திரம் முழுசா தெரியற மாதிரி ஒரு மேப் பிரிண்ட் எடுங்க, ஃபோன்ல பாத்தா பத்தாது, கையில வேணும். மொரீஷியஸ், ரீயூனியன், மடகாஸ்கர், சீஷெல்ஸ், மாலத்தீவு எல்லாத்தையும் பென்சில்ல வட்டம் போடுங்க. சாகோஸ் நமக்கு வடகிழக்க சுமார் 2,200 கிலோமீட்டர், ஆனா மாலத்தீவுக்குத் தெற்க வெறும் 500 கிலோமீட்டர் சொச்சம். நாமளும் பிரான்ஸும் உரிமை கேக்கற ட்ரோமெலின்ங்கறது நமக்கும் ரீயூனியனுக்கும் வடக்க, மடகாஸ்கருக்குக் கிழக்க, சுமார் 1 சதுர கிலோமீட்டர் மணல் திட்டு, மேப்ல புள்ளி வைக்கக்கூட பென்சில் முனை பெருசா இருக்கும். இப்ப ஒரு நூலை எடுத்து மேப் ஸ்கேல்ல 200 கடல் மைல், அதாவது 370 கிலோமீட்டர் அளந்து வெட்டிக்கோங்க, அந்தப் புள்ளியில ஒரு முனையை அழுத்திப் பிடிச்சு காம்பஸ் மாதிரி சுத்துங்க. பக்கத்து தீவுங்களோட கடல் முட்டற இடத்துல வட்டம் வெட்டுப்படும், அப்படியும் சுமார் 2,80,000 சதுர கிலோமீட்டர் கடல் உள்ள வரும். மீன் பிடிக்கற உரிமை, கடலடியில இருக்கற கனிமம், எல்லாம் அதுக்குள்ள. ஆள் குடியில்லாத மணல் திட்டுக்கு எதுக்குடா சண்டைன்னு கேட்ட பிள்ளைங்க நூல் சுத்தினதும் ஒண்ணும் பேசல.

அடுத்தது நோட்டு. 40 பக்க நோட்டு போதும். ஒவ்வொரு தகராறுக்கும் தனிப் பக்கம் ஒதுக்கி அஞ்சு கட்டம் போடுங்க: என்ன தேதி, என்ன காகிதம், அதுல முக்கியமான வார்த்தை எது, எந்த மொழியில எழுதினது, மேசையில யார் உட்கார்ந்தாங்க யார் உட்காரல. கடைசி ரெண்டு கட்டத்தை யாரும் போடறதில்ல, ஆனா என் அனுபவத்துல அந்த ரெண்டுலதான் பாதி விஷயம் ஒளிஞ்சிருக்கு.

நம்ம ஊர்ல நிலத் தகராறுன்னா முதல்ல என்ன கேப்பாங்க? தாய்ப்பத்திரம் எங்கன்னு. அப்புறம் பட்டா யார் பேர்ல, அனுபவம் யார் கையில. நாடுகளுக்கும் அதே கேள்விதான். ட்ரோமெலினுக்குத் தாய்ப்பத்திரம் 1814 மே 30 பாரிஸ் ஒப்பந்தம். நெப்போலியன் தோத்ததுக்கப்புறம் பிரான்ஸ் மொரீஷியஸையும் அதைச் சேர்ந்த தீவுகளையும் பிரிட்டனுக்கு விட்டுக் குடுத்தது, அதுல எட்டாவது பிரிவுல, மொரீஷியஸும் அதன் சார்புத் தீவுகளும், அதுக்கப்புறம் ஒரு வார்த்தை, அப்புறம் ரோட்ரிக்ஸ், சீஷெல்ஸ்னு வரும். அந்த நடு வார்த்தை ஆங்கிலப் பிரதியில 'குறிப்பா'ங்கற அர்த்தத்துல இருக்கு. பிரெஞ்சுப் பிரதியில 'நொமேமான்', அதாவது 'பேர் சொல்லிச் சொன்னா'ங்கற அர்த்தம். நல்லா யோசிங்க. 'குறிப்பா ரோட்ரிக்ஸ், சீஷெல்ஸ்'னா அது ரெண்டும் உதாரணம், பேர் சொல்லாத மத்த குட்டித் தீவும் கூடவே வந்துடும், ட்ரோமெலின் நம்முது. 'அதாவது ரோட்ரிக்ஸ், சீஷெல்ஸ்'னா அந்த ரெண்டோட லிஸ்ட் முடிஞ்சது, ட்ரோமெலின் பிரான்ஸ்கிட்டயே நின்னுடுச்சு. ஒரே ஒரு வார்த்தை, ரெண்டு மொழி, 200 வருஷம் தாண்டியும் தீரல. பிள்ளைங்க கிட்ட "அம்மா குறிப்பா தக்காளி, வெங்காயம் வாங்கிட்டு வரச் சொன்னாங்க", "அம்மா வாங்கச் சொன்னது தக்காளி, வெங்காயம்"னு ரெண்டு வாக்கியத்தை போர்டுல எழுதிப் போட்டேன், உப்பு வாங்கலாமா வேணாமான்னு பத்து நிமிஷம் அவங்களுக்குள்ள விவாதம், அதான் வெளியுறவுத் துறை வக்கீல்கள் பண்ற வேலையும்.

வார்த்தை வரிசைக்கெல்லாம் இவ்வளவு மதிப்பான்னு இந்த ஊர் தமிழங்க கிட்ட கேக்கவே வேண்டியதில்ல. 1998ல மொரீஷியஸோட புது ரூபா நோட்டுல தமிழ் எழுத்து இந்திக்குக் கீழ போனப்ப எவ்வளவு பெரிய எதிர்ப்பு வந்துச்சு, நோட்டையே திரும்ப வாங்கி பழைய வரிசைப்படி மறுபடி அச்சடிச்சாங்க. இங்க இங்கிலீஷ், தமிழ், இந்தின்னு இருக்கற வரிசை வரலாறு, அதை மாத்தினா வலிக்கும். இந்த உதாரணத்தைச் சொல்லிட்டா ஒப்பந்தத்துல ஒரு கமாவுக்கு ஏன் ஆறு மாசம் பேசறாங்கன்னு வீட்டுப் பெரியவங்களுக்கும் சட்டுனு புரிஞ்சிடும்.

தாய்ப்பத்திரம் பாத்தாச்சுன்னா அதுல கையெழுத்து எப்படி வாங்கினாங்கன்னு பாக்கணும். இதுக்கு சாகோஸ் பக்கத்துக்கு வாங்க. 1965 செப்டம்பர் 23, லண்டன் லேன்காஸ்டர் ஹவுஸ். மொரீஷியஸ் இன்னும் காலனி, சுதந்திரப் பேச்சு நடக்குது. பிரிட்டிஷ் பிரதமர் ஹெரால்ட் வில்சன், மொரீஷியஸ் தலைவர் சர் சீவூசாகூர் ராம்கூலமை சந்திக்கறதுக்கு முன்னாடி வில்சனோட செயலாளர் ஒரு குறிப்பு எழுதிக் குடுத்தாரு, நம்பிக்கையைக் காட்டியே பயமுறுத்தறதுதான் நோக்கம்ங்கற அர்த்தத்துல: சுதந்திரம் கிடைக்கும்ங்கற நம்பிக்கை, சாகோஸை விட்டுக் குடுக்கலன்னா கிடைக்காமப் போயிடுமோங்கற பயம். அந்தக் குறிப்பு பின்னாடி வெளிய வந்துடுச்சு. அமெரிக்க ராணுவ தளத்துக்காக சாகோஸைப் பிரிச்சுக்க 30 லட்சம் பவுண்டு இழப்பீடு பேசினாங்க, அதோட சில வாக்குறுதி: மீன்பிடி உரிமை, எண்ணெய் கனிமம் கிடைச்சா பலன் மொரீஷியஸுக்கு, ராணுவத் தேவை முடிஞ்சா தீவு திரும்ப. 1965 நவம்பர் 8 புதுக் காலனியா அறிவிச்சாங்க. 1968 மார்ச் 12 சுதந்திரம் வந்தப்ப சாகோஸ் இல்லாமதான் வந்தது. இடையில 1965 டிசம்பர் 16லயே ஐ.நா. பொதுச்சபை 2066ஆம் தீர்மானத்துல மொரீஷியஸ் நிலத்தைக் கூறு போடாதீங்கன்னு பிரிட்டன்கிட்ட சொல்லியாச்சு. நோட்டுல இந்தத் தேதி ரெண்டையும் அடுத்தடுத்து எழுதுங்க, நவம்பர் 8, டிசம்பர் 16, பின்னாடி ஹேக் சர்வதேச நீதிமன்றத்துல வழக்கே இது மேலதான் நின்னுச்சு.

அதே சமயத்துல சீஷெல்ஸ்ல இருந்தும் அல்டாப்ரா, ஃபார்குவார், டெரோஷ்னு மூணைப் பிரிச்சு அந்தப் புதுக் காலனியில சேத்தாங்க. 1976ல சீஷெல்ஸ் சுதந்திரம் அடைஞ்சப்ப அந்த மூணும் திரும்பப் போயிடுச்சு. இதைப் பெருசா யாரும் பேசறதில்ல, எனக்கு இது முக்கியமாப் படுது, ஏன்னா திருப்பித் தர்றது முடியாத காரியம் இல்லன்னு அவங்களே காட்டிட்டாங்க.

இப்ப மேசையில யார் உட்காரலன்னு எழுதற கட்டம். லேன்காஸ்டர் ஹவுஸ்ல சாகோஸ்காரங்க ஒருத்தர்கூட கிடையாது. தேங்காய்த் தோட்டத்துல தலைமுறை தலைமுறையா கொப்பரை காய வச்சுப் பொழைச்ச ஜனங்க, 1967ல இருந்து 1973க்குள்ள சுமார் 1,500 பேர்ல இருந்து 2,000 பேர் வரைக்கும் தீவை விட்டு அகற்றப்பட்டாங்க. வைத்தியத்துக்கோ சொந்தக்காரங்களைப் பாக்கவோ மொரீஷியஸ் வந்தவங்களைத் திரும்பக் கப்பல் ஏற விடல, அப்புறம் சாமான் வர்றதைக் குறைச்சாங்க, கடைசியில மிச்சப் பேரை நோர்ட்வேர்ங்கற கப்பல்ல ஏத்தினாங்க. வளர்த்த நாயையெல்லாம் கொன்னுட்டாங்க. இங்க வந்து ரோஷ் புவா, காசிஸ் பக்கம் தகரக் கொட்டகையில குடியேறினாங்க. 1982ல பிரிட்டன் 40 லட்சம் பவுண்டு குடுத்தப்ப, திரும்பிப் போற உரிமையை விட்டுக் குடுக்கறோம்னு ஆங்கிலத்துல சட்ட பாஷையில இருந்த காகிதத்துல பெருவிரல் ரேகை வச்சோம், என்ன எழுதியிருக்குன்னு யாரும் எங்க பாஷையான கிரியோல்ல சொல்லலன்னு அவங்கள்ல நெறைய பேர் பின்னாடி சொன்னாங்க. அதனாலதான் எந்த மொழிங்கற கட்டம். எழுதப் படிக்கத் தெரியாத ஜனங்க கிட்ட அவங்க பேசாத பாஷையில ரேகை வாங்கறதை சம்மதம்னு நான் சொல்ல மாட்டேன்.

நான் இருக்கற தெருக்கோடியில ஒரு பாட்டி இருக்காங்க, சாகோஸ்ல பெரோஸ் பான்யோஸ்ங்கற தீவுக்கூட்டத்துல பொறந்தவங்க, சின்னப் பொண்ணா கப்பல்ல வந்தாங்க. பிள்ளைங்களைக் கூட்டிட்டு ஒருநாள் போனேன். பேட்டி எடுக்கப் போறோம்னு யாரும் நினைச்சுப் போகாதீங்க, ஒரு கை வேலைக்குக் கூடப் போங்க. நாங்க போனப்ப அவங்க தேங்காய் துருவிட்டு இருந்தாங்க, சிராஸ் செய்ய, அதாவது கெட்டித் தேங்காப்பால்ல மீனைப் போட்டு வேக வைக்கற அவங்க ஊர்க் குழம்பு. பிள்ளைங்க ரெண்டு பேர் துருவலை வாங்கிக்கிட்டாங்க. நான் ஏதோ கேக்க வாயெடுத்தேன், அதுக்குள்ள அவங்களே ஒரு மூடித் தேங்காயைத் தட்டிக் காட்டி, "அங்க உள்ள தேங்காய் இதைவிடச் சின்னது, ஆனா பால் கட்டியா வரும்"னாங்க கிரியோல்ல. அவ்வளவுதான் சொன்னாங்க. ஒப்பந்தம், கோர்ட்டு ஒண்ணும் பேசல. கிளம்பும்போது என் மாணவி ஒருத்தி நோட்டுல அஞ்சாவது கட்டத்துல, யார் இல்லன்னு கேட்ட இடத்துல, பாட்டின்னு மட்டும் எழுதியிருந்தா.

சரி, அடுத்தது இதுல குழப்பமான பகுதி. தகராறைத் தீர்க்க ஒரு நாட்டுக்கு எத்தனை கதவு இருக்கு, எந்தக் கதவைத் தட்டறாங்கன்னு கண்டுபிடிக்கறது. செய்தியில 'நீதிமன்றம்'னு பொத்தாம்பொதுவா போட்டுடுவாங்க, ஆனா ஒவ்வொண்ணும் வேற வேற. ஹேக்ல இருக்கற சர்வதேச நீதிமன்றத்துல ரெண்டு நாடும் ஒத்துக்கிட்டாத்தான் சண்டை வழக்கு நடக்கும், பிரிட்டன் ஒத்துக்கல. அதனால மொரீஷியஸ் நேர் கதவை விட்டுட்டு பக்கக் கதவா போச்சு. முதல்ல 2010 ஏப்ரல் 1 பிரிட்டன் சாகோஸைச் சுத்தி கடல் பாதுகாப்புப் பகுதின்னு அறிவிச்சு மீன்பிடியைத் தடை பண்ணுச்சு இல்லையா, அந்த ஒரு விஷயத்தைப் பிடிச்சுக்கிட்டு ஐ.நா. கடல் சட்ட உடன்படிக்கைப்படி நடுவர் மன்றத்துக்குப் போனாங்க, ஏன்னா அந்த உடன்படிக்கையில சேர்ந்தவங்க நடுவர் மன்றம் வேணாம்னு சுலபமா ஓட முடியாது. 2015 மார்ச் 18 தீர்ப்பு, 1965ல குடுத்த வாக்குறுதியெல்லாம் பிரிட்டனைக் கட்டுப்படுத்தும், மொரீஷியஸைக் கலக்காம அந்தப் பகுதியை அறிவிச்சது சட்ட மீறல். தீவு யாருதுன்னு அந்த மன்றம் சொல்லல, ஆனா கையில ஒரு பிடி கிடைச்சிடுச்சு.

அந்தப் பிடியை வச்சு அடுத்த கதவு ஐ.நா. பொதுச்சபை. 2017 ஜூன் 22, ஹேக் நீதிமன்றத்துகிட்ட ஆலோசனைக் கருத்து கேக்கலாமான்னு வாக்கெடுப்பு. ஆதரவு 94, எதிர்ப்பு 15, ஒதுங்கினது 65. இதுக்கு பிரிட்டன் சம்மதம் தேவையில்ல, பொதுச்சபை கேட்டா நீதிமன்றம் சொல்லும். 2018 செப்டம்பர்ல விசாரணை. அங்கதான் லிஸ்பி எலிசேன்னு ஒரு சாகோஸ் அம்மா, கப்பல்ல வந்தப்ப கர்ப்பமா இருந்து குழந்தையைப் பறிகொடுத்தவங்க, கிரியோல்லயே பேசின வீடியோவைப் போட்டுக் காட்டினாங்க. அரை நூற்றாண்டு கழிச்சு முதல் தடவையா அந்த ஜனங்களோட பாஷை அந்த மண்டபத்துல கேட்டுச்சு, என் நோட்டுல நாலாவது கட்டத்துல கிரியோல்னு எழுதினது அந்த ஒரு வரியிலதான், அதை சிவப்பு மையில எழுதினேன். 2019 பிப்ரவரி 25 கருத்து வந்துச்சு: மொரீஷியஸோட காலனி விடுதலை சட்டப்படி முழுசா முடியல, பிரிட்டன் எவ்வளவு சீக்கிரம் முடியுமோ அவ்வளவு சீக்கிரம் சாகோஸ் நிர்வாகத்தை முடிச்சுக்கணும். 13 நீதிபதிகள் ஒரு பக்கம், ஒருத்தர் மறு பக்கம்.

இங்க ஒரு எச்சரிக்கை. "இது வெறும் ஆலோசனை, கட்டுப்படுத்தாது"ன்னு பிரிட்டன் சொன்னதைப் படிச்சுட்டு நெறைய பேர் அதோட பேப்பரை மடிச்சு வச்சுட்டாங்க. அப்படிப் பண்ணாதீங்க, கட்டுப்படுத்தாத காகிதம் அதுக்கப்புறம் எங்கெங்க போகுதுன்னு பின்னாடியே போங்க. 2019 மே 22 பொதுச்சபை மறுபடி வாக்கெடுத்து ஆறு மாசத்துல வெளியேறச் சொல்லுச்சு: ஆதரவு 116, எதிர்ப்பு 6, ஒதுங்கினது 56. 2017ஐயும் இதையும் பக்கத்துல பக்கத்துல வச்சுப் பாருங்க, எதிர்ப்பு 15ல இருந்து 6. ரெண்டே வருஷத்துல இந்தக் குட்டி நாட்டோட தூதர்கள் எத்தனை கதவைத் தட்டியிருப்பாங்கன்னு அந்த ரெண்டு நம்பர் சொல்லும். 2020ல ஐ.நா. மேப்ல சாகோஸை மொரீஷியஸ் பகுதியாக் காட்டினாங்க, 2021ல உலக அஞ்சல் ஒன்றியம் அந்தப் பிரிட்டிஷ் காலனிப் பேர்ல வர்ற ஸ்டாம்பை இனிமே ஏத்துக்கறதில்லன்னு முடிவு பண்ணுச்சு. ஸ்டாம்பு சின்ன விஷயம்னு தோணும், ஆனா கடிதம் போகாத நாடு நாடா? இப்படி கொஞ்சம் கொஞ்சமாதான் அனுபவ பாத்தியதை கரையும்.

வாக்கெடுப்பைப் படிக்கும்போது எத்தனைன்னு மட்டும் பாக்காம யார் யார்ன்னு பாருங்க. அந்த எதிர்ப்பு 6ல பக்கத்து வீட்டு மாலத்தீவு இருந்துச்சு. ஏன்? மேப்புல நூல் சுத்தினோமே, அந்த நூலை சாகோஸ்ல இருந்தும் மாலத்தீவுல இருந்தும் சுத்துங்க, ரெண்டு வட்டமும் ஒண்ணு மேல ஒண்ணு ஏறும். சாகோஸ் யாருதுன்னு முடிவாகாதவரைக்கும் அந்த ஏறின பகுதியில கோடு போட வேண்டியதில்ல, முடிவாயிட்டா போட்டாகணும். ஜெர்மனி ஹாம்பர்க்ல இருக்கற கடல் சட்டத் தீர்ப்பாயத்தோட சிறப்பு அமர்வுல மொரீஷியஸ் வழக்குப் போட்டுச்சு. பிரிட்டன் இல்லாம இதைப் பேச முடியாதுன்னு மாலத்தீவு சொன்னப்ப, 2021 ஜனவரி 28, அமர்வு அதை ஏத்துக்கல, ஹேக் சொன்னதுக்கு சட்ட விளைவு உண்டு, பிரிட்டனோடது வெறும் வாய்ப்பேச்சாத்தான் நிக்குதுங்கற மாதிரி சொல்லிடுச்சு. கட்டுப்படுத்தாத ஆலோசனை ரெண்டு வருஷத்துல என்ன வேலை செஞ்சுச்சு பாத்தீங்களா.

2022 பிப்ரவரில சாகோஸ்ல ப்ளென்ஹெய்ம் ரீஃப்னு ஒரு பவளத்திட்டை அளக்கறதுக்கு மொரீஷியஸ் ஒரு கப்பலை அனுப்புச்சு, அந்தத் திட்டு கடல் வத்தும்போதுதான் தலை தூக்கும், ஏறும்போது மூழ்கிடும், அதுல இருந்து கடல் எல்லையை அளக்கலாமா கூடாதாங்கறதுதான் வாதம். அந்தக் கப்பல்ல சாகோஸ்காரங்களும் போனாங்க, பிரிட்டிஷ் அனுமதி கேக்காம பெரோஸ் பான்யோஸ் மண்ணுல இறங்கினாங்க, மொரீஷியஸ் கொடி ஏத்தினாங்க. 2023 ஏப்ரல் 28 தீர்ப்பு. ஏறின பகுதியில மாலத்தீவுக்கு 47,232 சதுர கிலோமீட்டர், மொரீஷியஸுக்கு 45,331. ரெண்டு கரைக்கும் சம தூரத்துல எல்லைக் கோடு போடறதுக்கு ப்ளென்ஹெய்ம் ரீஃபை அளவுப்புள்ளியா எடுத்துக்கல. ரெண்டு நம்பரையும் பாருங்க, வரப்பு ஏறக்குறைய நடுவுலதான் விழுந்திருக்கு. நம்ம பக்கம் கேட்டது முழுசா கிடைக்கல, ஆனா பக்கத்து நாட்டோட ஒரு சண்டை குண்டு சத்தமில்லாம தீர்ந்துடுச்சு, இதுக்குக் கிடைக்க வேண்டிய கவனம் கிடைக்கலங்கறது என் வருத்தம்.

எல்லாத் தகராறும் கோர்ட்டுக்குத்தான் போகணும்னு இல்ல. கேணி யாருதுன்னு வழக்கு நடக்கும்போதே அண்ணன் தம்பி ரெண்டு பேரும் முறை வச்சு தண்ணி இறைச்சுக்கறாங்க இல்லையா, இறைச்சதை வச்சு கேணி என்னுதுன்னு யாரும் சொல்லக்கூடாதுன்னு பெரியவங்க முன்னாடி பேசி வச்சுப்பாங்க. நாடுகளும் அதே மாதிரி எழுதிக்கும், 'இந்த ஒப்பந்தத்துல இருக்கற எதுவும் இறையாண்மை பத்தின எங்க நிலைப்பாட்டை மாத்தாது'ன்னு ஒரு பிரிவு வரும். ஒப்பந்தம் எது கையில கிடைச்சாலும் முதல்ல இந்த வரியைத் தேடுங்க. 2010 ஜூன் 7 மொரீஷியஸும் பிரான்ஸும் ட்ரோமெலினை சேர்ந்து நிர்வகிக்கலாம்னு கையெழுத்துப் போட்டதுல இந்த வரி உண்டு: மீன்பிடி, சுற்றுச்சூழல், தொல்லியல் மூணுலயும் கூட்டு, தீவு யாருதுங்கறது அப்படியே நிக்கும்.

தொல்லியல்னு ஏன் சேர்த்தாங்கன்னா அந்த மணல்ல ஒரு கதை புதைஞ்சு கிடக்கு. 1761ல உதீல்ங்கற பிரெஞ்சுக் கப்பல் அங்க மோதி உடைஞ்சது, மடகாஸ்கர்ல இருந்து அடிமையா கொண்டு வந்தவங்களை அங்கயே விட்டுட்டு கப்பல்காரங்க போயிட்டாங்க, திரும்பி வர்றோம்னு சொல்லிட்டு. 15 வருஷம் கழிச்சு 1776ல ட்ரோமெலின்ங்கற கப்பல் தலைவர் போனப்ப மிச்சம் இருந்தது ஏழு பொம்பளைங்களும் எட்டு மாசக் குழந்தையும்தான். தீவுக்குக் காப்பாத்தினவர் பேரு. அந்த ஏழு பேரை அங்க கொண்டு போனது யாருன்னு பிள்ளைங்க கேப்பாங்க, மறைக்காம சொல்லுங்க.

இந்த மாதிரி கூட்டு நல்லா நடந்ததுக்கு உதாரணம் வேணும்னா சீஷெல்ஸ். 2008ல ரெண்டு நாடும் சேர்ந்து கரையைத் தாண்டி நீளற கடலடி நிலம் எதுவரைன்னு பாக்கற ஐ.நா. கண்டத்திட்டு ஆணையத்துக்கிட்ட ஒரே விண்ணப்பம் போட்டாங்க, 2011ல ஒப்புதல், 2012 மார்ச் 13 ஒப்பந்தம், சுமார் 3,96,000 சதுர கிலோமீட்டர் கடலடியை ரெண்டு பேரும் சேர்ந்து பாத்துக்கறாங்க. நடுவுல வரப்பே போடல.

அப்ப ட்ரோமெலின் ஏன் நிக்குது? இங்கதான் கையெழுத்துக்கும் ஒப்புதலுக்கும் உள்ள வித்தியாசம் வருது, செய்தி படிக்கற எல்லாரும் தடுக்கி விழற இடம். மந்திரி பேனா வச்சது நிச்சயதார்த்தம், பாராளுமன்றம் ஒத்துக்கிட்டாத்தான் தாலி. ட்ரோமெலின் ஒப்பந்தம் பிரெஞ்சு செனட்ல 2012ல தேறுச்சு, ஆனா தேசிய சபையில எதிர்ப்பு கிளம்பி 2017 ஜனவரில நிகழ்ச்சி நிரல்ல இருந்தே எடுத்துட்டாங்க. அதனால நோட்டுல கையெழுத்துத் தேதி, ஒப்புதல் தேதி, அமலுக்கு வந்த தேதி மூணையும் தனித்தனியா எழுதுங்க. ஒண்ணு காலியா இருந்தா காலியாவே விடுங்க.

சாகோஸுக்கும் அதே கணக்கு. 2022 நவம்பர்ல பிரிட்டன் பேச்சுவார்த்தைக்கு ஒத்துக்குச்சு, 2024 அக்டோபர் 3 ரெண்டு பிரதமரும் கூட்டறிக்கை விட்டாங்க, அதுக்கடுத்த மாசம் இங்க தேர்தல், 62 தொகுதி இடத்துல 60 எதிரணி ஜெயிச்சு நவீன் ராம்கூலம் வந்தாரு, பழைய வரைவை மறுபடி பிரிச்சுப் பாக்கணும்னாரு. அரசாங்கம் மாறினா பேச்சு நின்னுடாது, ஆனா விலை மாறும், தேர்தல் தேதியையும் நோட்டுல குறிச்சுக்கோங்க. அவங்க அப்பாதான் லேன்காஸ்டர் ஹவுஸ்ல உட்கார்ந்தவர், மகன் 2025 மே 22 கையெழுத்துப் போட்டாரு.

அந்த ஒப்பந்தத்தைப் படிக்கும்போது மூணு கேள்வி கேளுங்க, அந்தப் பையன் கேள்விக்குப் பதிலே இதுதான். பட்டா யார் பேர்ல? சாகோஸ் முழுசும், அதுல பெரிய தீவான டியேகோ கார்சியா உட்பட, மொரீஷியஸ் இறையாண்மை. அனுபவம் யார் கையில? டியேகோ கார்சியாவுல 99 வருஷம் பிரிட்டன், அங்கதான் அமெரிக்க ராணுவ தளம். வாடகை என்ன? முதல் மூணு வருஷம் ஆண்டுக்கு 16.5 கோடி பவுண்டு, அடுத்த பத்து வருஷம் 12 கோடி, அப்புறம் விலைவாசிப்படி. அதனால அப்பா சொன்னது பட்டா, மாமா சொன்னது அனுபவம். லண்டன் பத்திரிகையைப் படிச்சா பணம் மட்டும் தெரியும், போர்ட் லூயிஸ் பத்திரிகையைப் படிச்சா இறையாண்மை மட்டும் தெரியும். ரெண்டையும் ஒரே நாள்ல, பக்கத்துல பக்கத்துல வச்சுப் படிங்க, ஆளுக்கொரு பாதி விட்டிருப்பாங்க.

அஞ்சாவது கட்டத்துக்கு வாங்க. கையெழுத்தாகற அன்னிக்கு விடியறதுக்கு முன்னாடி, பிரிட்டன்ல இருக்கற ரெண்டு சாகோஸ் அம்மாங்க எங்களைக் கேக்காம எப்படிப் போடலாம்னு லண்டன் ஹைகோர்ட்ல தடை வாங்கினாங்க. அன்னிக்கே தடையை நீக்கிட்டாங்க, கையெழுத்தும் ஆச்சு. இங்க ஒலிவியே பாங்கூல் மாதிரி ஒப்பந்தத்தை வரவேற்ற சாகோஸ் தலைவர்களும் உண்டு, திரும்பிப் போற உரிமைக்காக பல வருஷமா பிரிட்டிஷ் கோர்ட்லயே போராடி 2000ல ஜெயிச்சு 2008ல மேல் கோர்ட்ல 3க்கு 2ன்னு தோத்தவர் அவரு. ரெண்டு பக்கத்தையும் எழுதுங்க, சாகோஸ்காரங்க எல்லாரும் ஒரே கருத்துன்னு யாராவது சொன்னா நம்பாதீங்க. 4 கோடி பவுண்டு அறக்கட்டளை நிதி அவங்களுக்குன்னு ஒப்பந்தத்துல இருக்கு, டியேகோ கார்சியா தவிர மத்த தீவுகள்ல மொரீஷியஸ் மறுகுடியேற்றம் பண்ணலாம்னும் இருக்கு. பண்ணலாம்ங்கறதுக்கும் பண்ணணும்ங்கறதுக்கும் நடுவுல இருக்கற தூரத்தை வார்த்தை கட்டத்துல எழுதி அடிக்கோடு போடுங்க, இனிமே வர்ற செய்தியில தேட வேண்டியது அதைத்தான்: கப்பல் எப்ப, வீடு எப்ப, குடிதண்ணி யார் குடுப்பாங்க, ஆஸ்பத்திரி எங்க.

இதைச் செய்ய வாரத்துக்கு அரை மணி நேரம் போதும். பிள்ளைங்க மேப்பைப் பாத்துக்கட்டும், பெரியவங்க யாராவது பிரெஞ்சுப் பேப்பரைப் படிச்சு கிரியோல்லயோ தமிழ்லயோ சொல்லட்டும், ஒருத்தர் எழுதட்டும். எங்க கிளாஸ் நோட்டுல ட்ரோமெலின் பக்கத்துல கடைசி வரி 2017 ஜனவரி, அதுக்குக் கீழ பாதிப் பக்கம் வெள்ளையா விட்டிருக்கோம். சாகோஸ் பக்கம் எழுத இடம் பத்தாம மூணாவது தாள் ஒட்டியாச்சு. போன வாரம் அந்த மாணவி, சிராஸ் சாப்பிட்ட பொண்ணு, பாட்டிகிட்ட ஒரு தேங்காய் நாத்து கேட்டு வாங்கிட்டு வந்திருக்கா, கிளாஸ் வாசல்ல நட்டிருக்கோம், தண்ணி ஊத்தற முறை சனிக்கிழமை எனக்கு.